வண்டி எடுத்தாச்சு

போன வாரம் கார் ஷோரூம் முதலாளி, தன் மகள் லீசு வியாபாரம் பார்க்கும் கண்ணாடி அறையின் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். ஆனால் அது தானாக மெல்ல மூடிக்கொள்ளும் ரகக் கதவு. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசி ஒரு சாணில் நின்று, யோசித்து, தூக்கம் வந்த பூனை கண்ணை மூடுவதுபோலத்தான் மூடும். அது மூடி முடிகிறவரை கோபத்தை முகத்தில் அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு அவர் நிற்க வேண்டியதாயிற்று.

அந்தக் கோபத்தில் அவர் சொன்னது இதுதான்.

"சனிக்கிழமை கடை சாத்துறதுக்குள்ள ஒரே ஒரு வண்டி உன் லீசுல இந்த வாசலைத் தாண்டணும். தாண்டலையா, இந்த ரூமைக் காலி பண்ணிட்டு காபி மெஷின் வைக்கிறேன்."

இன்று சனிக்கிழமை. காபி மெஷின் நேற்றே வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல், மகள் அறை வாசலில், மறைக்காமல் வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. மற்றபடி அவர் மென்மையானவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

காலையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது அவர் முகம் ஜொலித்தது. இரண்டு முறை ஷேவ் செய்திருந்தார். ஷோரூம் ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் ஹெட்லைட். எதிரே வருபவர் கண் கூசினாலும் வெளிச்சத்தைத் தாழ்த்தமாட்டார் என்பது காரணம். இன்று அந்த ஹெட்லைட் சாம்பார்க் கரண்டியில் பட்டுத் திரும்பும் அளவுக்கு எரிந்தது என்று சொன்னால் மிகை. அவர் கையில் இருந்தது ரொட்டித் துண்டு மட்டும்தான்.

"சம்பந்தி நேத்து போன் பண்ணாரு" என்று தொடங்கினார். வீட்டில் எல்லோரும் இதை இரவே கேட்டாகிவிட்டது. "அந்த வெள்ளை வண்டியை நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்னு இருக்கேன் சம்பந்தி, உங்களுக்கு சிரமம் இல்லையேன்னு கேக்குறாரு. எப்பேர்ப்பட்ட பண்பு பாரு. கார் எடுக்க வர்றவரு, கடைக்காரனுக்கு சிரமமான்னு கேக்குறாரு."

சம்பந்தி என்பவர் மகளின் மாமனார். பெரிய அலுவலகம் ஒன்றில் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அறிமுக அட்டையில் 'இயக்குநர்' என்பது ஒரு விரல் உயரத்துக்கும், பக்கத்தில் 'ஓய்வு' என்பது எறும்பு நின்ற மாதிரியும் அச்சாகியிருக்கும்.

"அப்பா, மாமா லீசுக்குத்தான் வர்றாரு" என்றாள் மகள். "போன மாசமே அவருகிட்ட எல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கேன். அந்த வெள்ளை வண்டியே லீசுக்குன்னு பதிவு பண்ணினதுதானே?"

அது உண்மைதான். மகள் அடம்பிடித்து, கடையின் பெயரிலேயே பதிவு செய்து, லீசுக்கென்று ஒதுக்கிய வண்டி அது. வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. 'வேலைக்குப் போகாத மாப்பிள்ளை' என்று முதலாளி அதற்குப் பெயர் வைத்திருந்தார். சம்பந்தி எதிரில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

"லீசா" என்று முதலாளி சிரித்தார். "உங்க மாமா யாரு? ஒரு பேனா வாங்கினாக்கூட அதுல பேரு பொறிச்சு வச்சுக்கிற ஆளு. திருப்பிக் குடுக்கிற வண்டியையா எடுப்பாரு?"

"லீசுன்னா இரவல் இல்லப்பா."

"இரவலுக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சா லீசு."

"மூணு வருஷம் மாச வாடகை மட்டும், நம்ம சர்வீஸ், நம்ம இன்ஷூரன்ஸ், அவருக்கு ஒரு தலைவலியும் கிடையாது. முடிஞ்சதும் வண்டியைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்."

"மனுஷன் கார் எதுக்கு வாங்குறான்? தலைவலி நம்முடையதா இருக்கணும்னுதான். அடுத்தவன் கார்ல கீறல் விழுந்தா உனக்கு மனசு வலிக்குமா? நம்ம கார்ல விழுந்தா வலிக்குது பாரு, அந்த வலிக்குத்தான் நான் பில் போடுறேன்."

முதலாளியின் மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டே பேச்சில் ஒரு இடைவெளி விழக் காத்திருந்தாள். இரண்டு மாதமாக அவள் காலை நடை போகிறாள். எடை ஒரு பொட்டும் குறையவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போது மட்டும் மூலைகளில் திரும்புமுன் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்க்கும் ஒரு புதுப்பழக்கம் வந்திருந்தது.

"ஏங்க, நானும் ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்."

"எங்க போகணும்? டிரைவர்கிட்ட சொல்லு, எடுப்பான்."

"நான் எடுக்கணும்னு சொல்றேன்."

"அதான், டிரைவர் எடுப்பான்னு நானும் சொல்றேன்ல."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் கைப்பேசியில் யாருக்கோ லீசைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளி கண்ணாடியில் தன் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள் அவள். அந்த வீட்டில் யாராவது அந்தச் 'சரி'யைக் கவனித்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

ஷோரூமில் மதியத்திலிருந்தே கல்யாண வீட்டுப் பரபரப்பு.

வண்டியை ஒப்படைக்கும் நிகழ்ச்சிக்கு முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். வட்ட மேடையில் வண்டி நிற்கும். அதன்மேல் சிவப்புப் பட்டுத் துணி. தங்க நிறத் தாள் ஒட்டிய, ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவி. ஒலிபெருக்கியில் எக்காளம். ஊழியர்கள் இரண்டு வரிசையில் நின்று கைதட்ட வேண்டும். தட்டும்போது சிரிக்க வேண்டும். சிரிக்கும்போது பல் தெரிய வேண்டும்.

"துணி சுருக்கமில்லாம இருக்கா?" என்று கேட்டார்.

"நிச்சயமா சார்" என்றார் விற்பனை மேலாளர். அவர் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார். துணி சுருக்கமாகத்தான் இருந்தது.

"இந்தத் தொழில்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும்" என்று முதலாளி மேடையைச் சுற்றி நடந்தபடி ஆரம்பித்தார். "வாங்க வர்றவன் கதவைச் சாத்திப் பார்ப்பான். அந்த 'தொப்'னு வர்ற சத்தத்துல விழுந்துடுவான். இன்ஜின்லாம் யாருக்குப் புரியுது? லீசுக்கு வர்றவன் கிலோமீட்டரை விசாரிப்பான். சும்மா ஓட்டிப் பார்க்க வர்றவன் நேரா ஏசி பட்டனைத் தேடுவான்."

"புருஷனும் பொண்டாட்டியுமா வந்தா சார்?"

"புருஷன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு கனவு காண்பான். அவனை விட்டுடு. அந்தம்மா எந்திரிச்சுப் போய் டிக்கியைத் திறந்தாங்கன்னா, வியாபாரம் முடிஞ்சுது. எடுக்கிறது யாருன்னு அந்த டிக்கிதான் சொல்லும்."

இவ்வளவு தெரிந்தவர் தன் மனைவியை மட்டும் ஒருநாளும் டிக்கிப் பக்கம் வைத்துப் பார்த்ததில்லை. ஒருமுறை அவள் ஓட்டக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டாள். "கார் கடைக்காரன் பொண்டாட்டி தானே ஓட்டிட்டுப் போனா, டிரைவர் வைக்க வக்கில்லைன்னு பேசுவாங்க" என்று அந்தப் பேச்சை அன்றே முடித்துவிட்டார்.

சாலைக்கு எதிர்ப்புறம் நீல நிறக் கூரையோடு இன்னொரு ஷோரூம். சின்னச் சின்ன வண்டிகள், பளிச்சென்ற நிறங்கள். அந்தப் பக்கத்துத் திரையை முதலாளி எப்போதும் இறக்கியே வைத்திருப்பார்.

"அவன் விக்கிறது காரா? சக்கரம் வச்ச டிபன் பாக்ஸ்" என்பது அவருடைய நிலையான தீர்ப்பு.

கண்ணாடி அறைக்குள் மகள் ஒப்பந்தத் தாள்களைக் கோணல் இல்லாமல் அடுக்கினாள். பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக்கினாள். ரொம்பக் காத்திருந்த மாதிரித் தெரியக்கூடாது.

காலையில் அவளுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, ஒரு பல் டாக்டர். மதியம் அவர் போன் செய்தார்.

"மேடம், நான் எதிர்க்கடையில ஒண்ணு எடுத்துட்டேன். மஞ்சள் கலர் பிடிச்சுப் போச்சு."

"பரவாயில்லை டாக்டர்" என்றாள் மகள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் டாக்டருக்கு அந்தப் பல் சத்தம்தான் முதலில் கேட்டிருக்கும்.

ஆக, மீதி இருந்தது மாமனார் ஒருவர்தான். அவரும் அப்பா சொல்வதுபோல வாங்கத்தான் வருகிறார் என்றால், நாளை இந்த மேசைமேல் காபி கொதிக்கும். ஒரு வருடமாக ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கி, படித்து, திட்டம் போட்டு, அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய அறை. கணவன் கப்பல் வேலைக்குப் போனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் உண்டாக்கிக்கொண்ட வேலை. வாசலில் இருந்த பெட்டியைத் தாண்டித்தான் அவள் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது. பெட்டிமேல் ஒரு கோப்பையும் புன்னகையும் வரைந்திருந்தது. அந்தப் புன்னகையை அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் சம்பந்தி வந்தார்.

வாடகைக் காரை ஒரு தெரு முன்பே நிறுத்தி இறங்கி, மிச்சத்தை நடந்து வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. உள்ளே காலை வைத்ததும் எக்காளம் முழங்கியது. அவர் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். பல் தெரியச் சிரித்த இரண்டு வரிசைகள் கைதட்டின.

"என்ன சம்பந்தி இதெல்லாம்?"

"உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? வாங்க, வாங்க."

"இல்லை, ஒரு சின்ன விஷயத்துக்குப் போய்…"

"சின்ன விஷயமா? பாத்தீங்களாய்யா, இதான் பெரிய மனுஷன்" என்று முதலாளி ஊழியர்கள் பக்கம் திரும்பினார்.

"நிச்சயமா சார்" என்றார் மேலாளர்.

மகள் ஓடிவந்தாள். "வாங்க மாமா. நீங்க சொன்ன வெள்ளை வண்டி ரெடியா இருக்கு. உள்ள வந்தீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல…"

"அதெல்லாம் அப்புறம்மா" என்று முதலாளி சம்பந்தியின் தோளைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினார்.

துணியின் ஒரு முனையைச் சம்பந்தி கையிலும் மறுமுனையைத் தன் கையிலும் வைத்துக்கொண்டு இழுத்தார். துணி பாதியில் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. எக்காளம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முதலாளி எம்பி இழுத்தார். துணி கிழிந்த சத்தத்தைக் கைதட்டலால் மறைத்தார்கள்.

வெள்ளை வண்டி, மேடையில் மெல்லச் சுழன்றது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. விளக்கு வெளிச்சம் அதன் முதுகில் வழிந்து இறங்குவதைப் பார்த்து, காபி மெஷினையே மறந்து மகளும் ஒரு கணம் நின்றாள்.

"ஒரு சம்பந்தியை இப்படி மதிக்கிறவரை நான் பாத்ததே இல்லை" என்றார் சம்பந்தி. அட்டைச் சாவியைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். மேலாளர் படம் எடுத்தார். கோட்டை இழுத்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார் சம்பந்தி. தாடையை உயர்த்தி மூன்றாவது.

முதலாளி பொறுக்கமாட்டாதவர். அங்கேயே நின்று, இரண்டு குடும்பங்களும் சேர்ந்து இருக்கும் வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்டார். கீழே எழுதினார்: 'சம்பந்தி வண்டி எடுத்தாச்சு.'

வாழ்த்துகள் கொட்டின. பூங்கொத்துகள், கூப்பிய கைகள், மாலுமித் தொப்பி போட்ட சம்பந்தியின் மகன் கப்பலிலிருந்து அனுப்பிய 'சூப்பர்பா'. நடுவே சம்பந்தியின் சகலையிடமிருந்து ஒன்று. சகலைக்கும் சம்பந்திக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து போட்டி. 'ஒருவழியாக உங்களுக்கும் கார் வந்துவிட்டது. மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தார்.

சம்பந்தி அதைப் படித்தார். முகம் சிவந்தது. பிறகு தாடை முன்பு படத்துக்கு உயர்ந்ததைவிட உயரப் போனது.

முதலாளி மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மகள் தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொன்னது சரியாகிவிட்டது. மாமா வாங்கிவிட்டார்.

அப்போதுதான் சம்பந்தி, முதலாளியின் காதருகே குனிந்து, மிகுந்த நாகரிகத்தோடு கேட்டார்.

"எல்லாம் சரி சம்பந்தி. காலையில எத்தனை மணிக்குத் திருப்பி விடணும்?"

எக்காளம் மூன்றாவது முறையாக முழங்கியது.

"அதை நிறுத்துங்கய்யா" என்றார் முதலாளி.

மூவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். கதவு தன் பாணியில் யோசித்து யோசித்து மூடியது. அது மூடும்வரை யாரும் பேசவில்லை. வெளியே நின்ற ஊழியர்களுக்குக் கேட்கக்கூடாதே.

"எடுக்கிறேன்னு சொன்னீங்களே சம்பந்தி."

"எடுக்கிறேன்னுதான் சொன்னேன். இன்னிக்கு ராத்திரி எங்க ஓய்வுபெற்றோர் சங்கத்துல எனக்குத் தலைவர் பதவி குடுக்குறாங்க. வாசல்ல போய் இறங்கணும் இல்ல? அந்த வெள்ளை வண்டி எப்பப் பாத்தாலும் சும்மாவே நிக்குதே, ஒரு ராத்திரி எடுத்துட்டுப் போயிட்டு விட்டுடலாம்னு…"

"ஓட்டிட்டுப் போகவா எடுத்தீங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியாது சம்பந்தி. உங்க டிரைவரையும் சேர்த்துத்தான் எடுக்கலாம்னு இருந்தேன்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவரிடம் வந்து 'எடுக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார்கள். காசைக் கட்டி வாங்கியவர்களும் எடுத்தார்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனவர்களும் எடுத்தார்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் கடை நடத்தினார். இன்று அதே சொல் அவரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டது.

"அப்ப வாங்கிடுங்களேன்" என்றார் கடைசி முயற்சியாக. "உங்களுக்குன்னா விலையில பேசிக்கலாம்."

"முடியாது சம்பந்தி. என் சம்சாரம் இருக்காளே, சேமிப்பு பூரா அவ பேர்ல போட்டிருக்கேன். அவ கையெழுத்து இல்லாம ஒரு பேனா ரீஃபில் கூட வாங்க முடியாது."

"சரி, படத்தை அழிச்சுடுறேன். தவறுதலா போட்டுட்டேன்னு சொல்லிக்கலாம்."

சம்பந்தி பதறி எழுந்தார். "அழிக்கிறதா? சகலை பாத்துட்டான். பதில் வேற போட்டுட்டான். இப்ப அழிச்சீங்கன்னா நான் சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்."

அழிக்க முதலாளிக்கும் மனம் வரவில்லை. அட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொடுக்காத கடை என்று ஊர் பேசும். கிழிந்த பட்டுத்துணி வேறு.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாங்கவும் முடியாது, வாங்காமல் இருக்கவும் முடியாது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வண்டி, இவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தது.

மகள் தாள்களை மேசைமேல் வைத்தாள். இந்த முறை நேராக.

"மாமா, அந்தப் படத்துல அப்பா என்ன எழுதியிருக்காரு?"

"எடுத்தாச்சுன்னு."

"வாங்கியாச்சுன்னு எழுதியிருக்காரா?"

சம்பந்தி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "இல்லையே."

"லீசுல எடுத்தாலும் எடுத்ததுதான் மாமா. மாசா மாசம் உங்க பென்ஷன்லேர்ந்து ஒரு தொகை. அத்தை கையெழுத்து வேண்டியதில்லை. வண்டி இன்னிக்கே உங்க வாசல்ல நிக்கும்."

"வெளியிலேர்ந்து பாத்தா லீசுன்னு தெரியுமாம்மா?"

"கண்ணாடியில எழுதி ஒட்ட மாட்டோம்."

"சகலை வந்து, சொந்தமான்னு கேட்டா?"

"'எடுத்துட்டேன்'னு சொல்லுங்க. பொய்யே கிடையாது."

சம்பந்தி அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எடுத்துட்டேன். வாயில் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது.

"மூணு வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுக்கணுமே. அப்ப என்ன சொல்றது?"

முதலாளியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அவர் காலையில் கேட்ட கேள்வி. இதற்கு மகளிடம் பதில் இருக்காது.

"திருப்பிக் குடுக்கிற அன்னிக்கே அடுத்த புது மாடலை எடுக்கிறீங்க மாமா" என்றாள் மகள். "மறுபடி பட்டுத்துணி. மறுபடி பெரிய சாவி. மறுபடி போட்டோ. வாங்கினவங்களுக்கு ஆயுசுல ஒரு படம்தான். உங்க சகலை அவரோட பழைய வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருப்பாரு. நீங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை குரூப்ல 'எடுத்தாச்சு' போட்டுக்கிட்டே இருப்பீங்க."



சம்பந்தியின் கண்கள் எங்கோ தூரத்தில் நிலைத்தன. அங்கே வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புது வண்டி, ஒவ்வொன்றின் கீழும் சகலையின் வயிற்றெரிச்சல்.

"பேனாவை எடும்மா" என்றார். "இல்லை வேண்டாம், என்கிட்டயே இருக்கு." பெயர் பொறித்த பேனா.

"ஒரே ஒரு கண்டிஷன் மாமா. வருஷத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான்னு வரம்பு இருக்கு. ரொம்ப ஓட்டக்கூடாது."

"எனக்குத்தான் ஓட்டவே தெரியாதே."

"அப்ப இது உங்களுக்காகவே பண்ணின திட்டம்."

சம்பந்தி கையெழுத்துப் போட்டார். கீழே கடையின் சார்பில் ஒரு கையெழுத்து பாக்கி. மகள் தாளை அப்பா பக்கம் நகர்த்தினாள். முதலாளி வெளியே பார்த்தார். காபி மெஷின் பெட்டி புன்னகைத்துக்கொண்டிருந்தது.

போட்டோவை வைத்து லீசை விற்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கதவுச் சத்தத்தை விற்றவர் அவர். மகள் அதற்கும் ஒருபடி மேலே போய், இன்னும் வராத வண்டியின் படத்தையே விற்றுவிட்டாள். எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ குறுகுறுவென்று ஏறியது. ஒரு நல்ல வியாபாரியைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் ஏறும் குறுகுறுப்பு அது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது சொந்த மகளாக இருந்தும் அது ஏறியது.

"எங்க போடணும்னு காட்டு" என்றார்.

போட்டார். எழுந்தார். கதவைத் திறந்து மேலாளரைக் கூப்பிட்டார்.

"அந்தக் காபி மெஷினை என் ரூம்ல வைங்க."

"நிச்சயமா சார்."

மகள் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. மேசைக்கு அடியில் இரண்டு கால்களும் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன.

வெள்ளை வண்டி மேடையிலிருந்து இறங்கியது. கடை டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சம்பந்தி பின்சீட்டில் ஏறி, கோட்டின் மடிப்பைச் சரிசெய்து, ஜன்னலைப் பாதி இறக்கச் சொன்னார். பாதிதான் அளவு. முழுக்க இறக்கினால் காற்றுக்கு என்று நினைப்பார்கள். இறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அட்டைச் சாவியை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. அது டிக்கியில் அடங்கவில்லை. தங்கத் தலை மறுபக்க ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வழியனுப்ப முதலாளியும் மகளும் வாசலுக்கு வந்தார்கள். எதிர்க்கடையிலும் கைதட்டும் சத்தம் கேட்டது. நீல பலூன்கள் ஆடின.

"அங்க யாரோ ஒரு ஏமாளி டிபன் பாக்ஸ் எடுக்குது" என்றார் முதலாளி. தோற்றுப்போன நாளில் எதிரியைத் திட்டினால் கொஞ்சம் ஆறுதல்.

எதிர்க்கடைச் சரிவிலிருந்து குட்டி மஞ்சள் வண்டி ஒன்று இறங்கியது. இண்டிகேட்டர் போட்டு, வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து, நேராக முதலாளியின் வாசலுக்குக் குறுக்கே வந்து, ஒரு குலுக்கலோடு ஆஃப் ஆகி நின்றது.

வெள்ளை வண்டி சடக்கென்று பிரேக் போட்டது. தங்கச் சாவி ஜன்னல் சட்டத்தில் இடித்து, கழுத்து மடங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தார். மஞ்சள் வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. கொஞ்சம் பொறு என்று சைகை காட்டியது. அந்தக் கையில் இருந்த வளையலை முதலாளிக்கு நன்றாகத் தெரியும். அவர் வாங்கிக் கொடுத்தது.

"அம்மா" என்றாள் மகள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் முதலாளியின் மனைவி. பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி, சம்பந்தியின் மனைவி.

பாதி இறங்கிய ஜன்னலில் சம்பந்தியின் தாடை மெல்லக் கீழே வந்தது. "அவ பேர்ல…" என்று ஏதோ ஆரம்பித்தார்.

மஞ்சள் வண்டி இருமியது. மறுபடி உயிர் பிடித்தது. இந்தத் தடவை குலுங்கவில்லை. செல்லமாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு, வெள்ளை வண்டியை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, வளைந்து திரும்பி, விரிந்து கிடந்த சாலையில் பறந்தது.

"அப்பா" என்றாள் மகள். கண்கள் பளபளத்தன. "அம்மாவும் அத்தையும் வாங்கிட்டாங்களா, லீசா, இல்ல சும்மா ஓட்டிப் பாக்குறாங்களா?"

இந்தத் தொழிலில் எல்லாம் தெரிந்தவர், மஞ்சள் வண்டி தெருக்கோடியில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருவர் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன. குடும்பக் குழுவில், சம்பந்தியின் படத்துக்குக் கீழே, இன்னொரு படம். நீலச் சாவியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு பெண்கள். சம்பந்தியின் மனைவி அனுப்பியிருந்தாள்.

'நாங்களும் எடுத்துட்டோம். சம்பந்தி, உங்ககிட்ட காலையிலேயே சொல்லியாச்சாமே.'